பல்லடம் வரைக்கும்

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம் கழித்து, மோட்டார் சைக்கிளில் கன்னியாகுமரி போவதென்று முடிவெடுத்தேன். தனியாக. தனியாக என்றால் தன்னந்தனியாக.

காரணம் லியோ. பீளமேட்டில் என் பம்ப்செட் கடைக்கு எதிரே டைல்ஸ் கடை வைத்திருப்பவன். வண்டியிலேயே லடாக்கிலுள்ள லே வரைக்கும் போய் வந்தவன். ஆள் திரும்பி மூன்று வருஷமாகிறது; வாய் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

"தேவானந்தம், தனியா வண்டி ஓட்டுனாத்தான் மனுஷன் தன்னையே கண்டுபுடிப்பான்" என்பான். நான் காணாமல் போயிருக்கும் விஷயமே அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இரண்டு நாள் ஒத்திகை பார்த்துவிட்டு மனைவியிடம் போனேன். கிருபாவதி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"கிருபா, நான் வண்டியில கன்னியாகுமரி போறேன். தனியா. மூணு நாளு."

"போயிட்டு வாங்க."

சண்டைக்கென்று ஏழு பாயிண்ட் தயாரித்து வைத்திருந்தேன். ஏழும் வீண்.

"போற வழியில என்னையப் பல்லடத்துல கிளாடிஸ் ஊட்டுல எறக்கி உட்ருங்க. நானும் மூணு நாளு தங்கச்சி கூட இருந்துபோட்டு வாரேன்."

நானூறு சொச்சம் கிலோமீட்டரில் முப்பதை மனைவிக்கு விட்டுக்கொடுப்பதில் நஷ்டமில்லை. சரி என்றேன்.

நான் ரைடுக்குப் பை கட்டினேன். அவள் அந்தப் பையில் ரெய்டு நடத்தினாள். "இதென்னுங்க, முட்டிக்கு ஒரு கவசம், முழங்கைக்கு ஒரு கவசம்? சண்டைக்கா போறீங்க? இடமே இல்லீங்க" என்று பாதியை எடுத்துத் தன் தோள்பையில் போட்டுக்கொண்டாள். பல்லடத்தில் திருப்பி வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

விடிகாலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். ஆறேகாலுக்குப் பல்லடம். கிளாடிஸ் வீட்டில் பூட்டு தொங்கியது.

"போன் பண்ணிட்டு வரலியா?"

"கூடப் பொறந்தவ ஊட்டுக்கு யாராச்சும் போன் பண்ணிட்டு வருவாங்களாங்க? தாராபுரத்துல சின்னம்மா இருக்காங்க. போற வழிதானுங்களே?"

போகிற வழிதான். வாதாட இடமில்லை.

தாராபுரத்தில் சின்னம்மா இருந்தார். வாசலிலேயே நின்று சிரித்தார். நான் அதைவிடப் பெரிதாகச் சிரித்தேன். கிருபாவை இறக்கிவிட்டேன். காபிகூடக் குடிக்கவில்லை. கிளப்பினேன் வண்டியை.

அதன் பிறகு இருபத்துமூன்று கிலோமீட்டர், நான் தனி மனிதன். இரண்டு பக்கமும் காற்றாலைகள் சுற்றின. "மெதுவாப் போங்க" என்று யாரும் சொல்லவில்லை. ஆகவே மெதுவாகவே போனேன். ஒரு பாட்டுக்கூடப் பாடினேன். என் குரல் எனக்குப் பிடித்திருந்தது. இருபத்துநான்காவது கிலோமீட்டரில் பின் டயர் உட்கார்ந்துவிட்டது.

கடை இல்லை. ஆள் இல்லை. ஆடுகள் மட்டும் இருந்தன; அவற்றுக்கு அக்கறை இல்லை. டியூப்லெஸ் டயர்தான், ஓட்டையில் ரப்பர் குச்சியைச் சொருகினால் அடைந்துவிடும். அந்தக் குச்சிகள் இருந்த டப்பாவைத் தேடினேன். பையை இரண்டு தடவை கவிழ்த்தேன். பிறகு வேறு வழியில்லாமல் போன் போட்டேன்.

"அந்தக் குச்சி டப்பாங்களா? அது என்ற பேக்குல இருக்குதுங்க."

"தாராபுரத்துல எறங்கறப்பவே குடுத்திருக்கலாமில்ல?"

"நீங்க எங்க கேட்டீங்க? அங்கயே நில்லுங்க. ஒட்டன்சத்திரம் பஸ்ஸு வருது. வாரேன்."

முக்கால் மணி நேரத்தில் பஸ்ஸிலிருந்து இறங்கினாள். நான் டப்பாவிலிருந்த செய்முறைத் தாளை விரித்து இரண்டாம் பத்திக்கு வருவதற்குள், ஆணியைப் பிடுங்கி, குச்சியைச் சொருகி, குட்டி பம்பை எடுத்து நீட்டினாள்.

"நீ எப்பப் படிச்ச இதை?"

"வீடியோ பாத்தனுங்க. காத்தாச்சும் நீங்க அடிங்க."

அடித்தேன். வியர்த்தது. தாராபுரம் போகிற பஸ் அந்த நேரம் பார்த்து எங்களைக் கடந்து போனது.

"அட, போயிருச்சே. செரி, ஒட்டன்சத்திரம் வரைக்கும் வாரேன். அங்க நெறைய பஸ்ஸு."

ஒட்டன்சத்திரத்தில் பஸ்கள் நிறைய இருந்தன. எல்லாவற்றிலும் ஆட்களும் நிறைய இருந்தார்கள். திண்டுக்கல்லில் எனக்குப் பசி. மதுரை தாண்டியதும் மழை. என்னிடம் இருந்தது ஒரே ஒரு மழைக்கோட்டு. ஒரு கணவனாக யோசித்தேன், கஷ்டமாக இருந்தது. அவள் சாவகாசமாகத் தன் பையைத் திறந்து ஒரு மழைக்கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"தங்கச்சி ஊட்டுக்குப் போறவளுக்கு மழைக்கோட்டு எதுக்கு?"

"பல்லடத்துல மழை பேயாதுங்களா?"

திருநெல்வேலியில் என் இடுப்பு வண்டியைவிட்டு இறங்க மறுத்தது. அவள்தான் கைகொடுத்து இறக்கினாள். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து கடைசியாக ஒரு முயற்சி செய்தேன்.

"இங்கிருந்து கோயமுத்தூருக்கு நேர் பஸ் இருக்குது கிருபா. ஏத்தி உடட்டுமா?"

அவள் டீயை ஆற்றினாள். "கல்யாணமான புதுசுல நீங்க என்ன சொன்னீங்க? அடுத்த மே மாசம் கன்னியாகுமரின்னீங்க. எத்தனை மே மாசம் போச்சுங்க?"

நான் டீயைக் குடித்தேன். சூடாக இருந்தது. மறுபடி வண்டியை எடுத்தபோது அவளாகவே பின்னால் ஏறிக்கொண்டாள். நானும் வரைக்கும் கிரைக்கும் என்று எதுவும் கேட்கவில்லை.

சாயங்காலம் கன்னியாகுமரி. தொடர்ச்சியாக மூன்று நாள் விடுமுறை; ஊர் நிரம்பி வழிந்தது. முதல் லாட்ஜில் இடமில்லை. இரண்டாவதில் சிரித்தார்கள். மூன்றாவதில் சிரிக்கக்கூட ஆளில்லை. உண்மையான ரைடர் முன்கூட்டி ரூம் போடமாட்டான் என்று லியோ சொல்லியிருந்தான். லியோவைப் பற்றி என் அபிப்பிராயம் கடற்கரையில் மாறிக்கொண்டிருந்தது.

"அதோ, அந்த நீலக் கட்டடத்துல கேட்டுப் பாக்கலாமுங்களா?" என்றாள் கிருபா.

வரவேற்பு மேஜையில் இருந்தவர், "பேரு சார்?" என்றார்.

"தேவானந்தம்."

கம்ப்யூட்டரைப் பார்த்துத் தலையாட்டினார். "இல்லையே சார்."

"கிருபாவதின்னு பாருங்க" என்றாள் என் பின்னாலிருந்து.

"ஆமா மேடம். ரெண்டு பேரு, கடல் பாத்த ரூம். இந்தாங்க சாவி."

நான் ஹெல்மெட்டைக் கழற்றினேன். அவரிடமே கேட்டேன். "இது எப்பங்க புக் பண்ணது?"

"ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு சார்."

நான் திரும்பினேன். "கிருபா, இந்தப் பயணத்தை நான் யோசிச்சே பன்னெண்டு நாளுதான ஆச்சு?"

அவள் சாவியை வாங்கிக்கொண்டு மாடிப்படி ஏறினாள்.

"நீங்க யோசிக்கற வரைக்கும் காத்திருந்தா, ரூம் கெடைக்குமாங்க?"