தெர்மாமீட்டரும் என் கண்ணாடி வீடும்

குமரி மாவட்டத்தில் வெயிலைச் சட்டப்படி கைதுசெய்ய முயன்ற ஒரே மனிதர் எங்கள் தெர்மாமீட்டர்தான். கையில் வாரண்டு இல்லை, அதிகாரம் இல்லை, சைக்கிளுக்கு ஒழுங்கான பிரேக்கூட இல்லை. ஆனாலும் முயன்றார்.

தக்கலையில் நான் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தேன். மாடியில் ஒரு எஞ்சினியர் அலுவலகம். அங்கே வீட்டு பிளான் வரைபவர் இவர். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும், யாரும் கேட்டதில்லை. சட்டைப் பையில் ஒரு சுவர் தெர்மாமீட்டர், அடி நீளத்தில், பாதி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் ஆணி தேடுவார். காலண்டரைக் கழற்றிவிட்டு அதைத் தொங்கவிடுவார். பாதரசம் ஒரு முடிவுக்கு வரும்வரை உட்காரவும் மாட்டார், காப்பியும் குடிக்க மாட்டார்.

தங்கை மகளுக்கு மாப்பிள்ளை வீடு பார்க்கப் போன இடத்திலும் இதே கதைதான். பையனின் படிப்பு, வேலை, சபை எல்லாவற்றையும் மற்றவர்கள் விசாரித்துக்கொண்டிருக்க, இவர் மாடியறைச் சுவரில் உள்ளங்கையை வைத்தபடி நின்றார்.

"இது மேக்குச் சுவருல்லா?"

"ஆமா," என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"பொண்ணு வெந்துருமே ஓய்!"

சம்பந்தம் முறியவில்லை. அந்தச் சுவருக்கு வெளியே ஒரு சாய்ப்புக் கூரை இறக்கிய பிறகுதான் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை வீட்டாரிடம் நிழலைச் சீதனமாகக் கேட்டு வாங்கிய தாய்மாமன் இவர் ஒருவரே.

இரண்டாயிரத்து ஏழில் தில்லியில் கட்டடங்களுக்கு ஓர் எரிசக்தி விதித்தொகுப்பு வெளியிட்டார்கள். சுவர் எவ்வளவு சூட்டை உள்ளே விடலாம், கண்ணாடி எவ்வளவு இருக்கலாம் என்றெல்லாம் அதில் உண்டு. ஆனால் அது பெரிய வணிகக் கட்டடங்களுக்கு. அதுவும் அந்தந்த மாநிலம் ஏற்றுக்கொண்டால்தான் கட்டாயம். இதில் முதல் வரியை மட்டும் அவர் படிக்காமல் தாண்டிவிட்டார் என்று நினைக்கிறேன். எங்கிருந்தோ ஒரு பிரதி பிடித்து வந்து, என் கடையில் நகலெடுத்து, கொத்தனார்களுக்கு விநியோகித்தார். அவர்கள் பவ்வியமாக வாங்கி, மதியம் அதன்மேல் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கோழிக்கூட்டுக்கு யோசனை கேட்டு வந்த ஒரு அப்பாவியிடம், "மொத்தச் சுவருல சன்னல் எத்தனை பங்கு வருது?" என்று கேட்டு ஓடவைத்தார்.

தினமும் காலையில் என் கடைப் பேப்பரைப் புரட்டிக்கொண்டே கேட்பார்:

"மாநிலம் ஏத்தாச்சா மக்கா?"

"இல்லண்ணே."

"நாளைக்கு ஏத்துவான்."

இப்படி ஒருவர் தலைக்குமேல் உட்கார்ந்திருக்கையில் வீடு கட்டத் துணிந்தவன் நான். வளைகுடாவில் வேலைபார்க்கும் மச்சினன் தம்மாமிலிருந்து ஒரு கட்டடத்தின் போட்டோ அனுப்பியிருந்தான். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. அதைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

"அண்ணே, முன்பக்கம் முழுசும் கண்ணாடி வேணும்."

"முன்பக்கம் எது?"

"மேக்கு."

பென்சிலைக் கீழே வைத்தார். "நீ வீடு கெட்டுதியா, பப்படம் காயப்போடுதியா?"

"அப்பா ரோட்டைப் பாக்கணும்ணே."

இதில் பாதி உண்மை. அப்பா பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கவாதம் வந்து இடப்பக்கம் விழுந்துவிட்டது. திருவனந்தபுரம் ரோட்டுக்கு மேலே மேட்டில் எங்கள் மனை. முன்னறையில் கட்டில் போட்டு, படுத்தபடியே பஸ்களைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. மீதிப் பாதி, மச்சினன் வந்து வாயைப் பிளக்க வேண்டும் என்ற என் ஆசை. அவரிடம் அப்பாவின் பாதியை மட்டும் சொன்னேன்.

இரண்டு சன்னல்கள், மேலே அகலமான மறைப்பு என்று அழகாக வரைந்து கொடுத்தார். நானும் தலையாட்டினேன். முன்பக்கச் சுவர் மட்டும் பாக்கி நின்ற நேரம் பார்த்துத் தெர்மாமீட்டருக்கே காய்ச்சல் வந்தது. மூட்டெல்லாம் வீங்கி, பேச்சிப்பாறையில் தங்கை வீட்டில் ஒன்றரை மாதம் படுத்துவிட்டார். அந்தச் சுவர் தெர்மாமீட்டரையே கக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டார் என்று கேள்வி. இங்கே நான் அவருடைய பிளானைச் சுருட்டிப் பரணில் போட்டுவிட்டுக் கண்ணாடியை மாட்டினேன். ஒருவர் காய்ச்சலை இன்னொருவர் இவ்வளவு சுறுசுறுப்பாகப் பயன்படுத்தியதில்லை.

வீட்டுப் பிரதிஷ்டை சாயங்காலம் நாலு மணிக்கு. எங்கள் போதகர் ஜெபிக்கத் தொடங்கினால் உலகம் உண்டானதிலிருந்து ஆரம்பித்து, நோவா, ஆபிரகாம் வழியாக எல்லாரையும் விசாரித்துவிட்டுத்தான் எங்கள் வீட்டுக்கு வருவார். அன்று நோவாவின் பேழைக்கு மரம் வெட்டும் முன்பே "ஆமென்" சொல்லிவிட்டார். அங்கியைப் பிழிந்தால் இன்னொரு வெள்ளம் வந்திருக்கும். சனமெல்லாம் கேக்குத் தட்டோடு பலாமரத்தடிக்குப் போய்விட்டது. உள்ளே இருந்தது நானும், கட்டிலை விட்டு எழும்ப முடியாத அப்பாவும்தான். வேர்வை கண்ணில் இறங்க, அப்பா ரோட்டைப் பார்க்காமல் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் படுத்திருந்தார்.

அப்போது வாசலில் தெர்மாமீட்டர். காய்ச்சலில் பாதியாகியிருந்தார். கண்ணாடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஆணியில் தெர்மாமீட்டரை மாட்டினார். அது முப்பத்தொன்பதுக்கு ஏறியது. வசவுக்கு நான் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றேன்.

"நல்ல வீடு மக்கா," என்றார். அவ்வளவுதான். போய்விட்டார்.

"நாலு ஏச்சு ஏசியிருந்தா உங்களுக்கும் சோறு இறங்கியிருக்கும்," என்றாள் மனைவி, ராத்திரி நான் தொடாத தட்டைப் பார்த்து. உண்மைதான். திரைச்சீலை போட்டால் அப்பாவுக்கு ரோடு போச்சு. போடாவிட்டால் அப்பாவே போய்விடுவார் போலிருந்தது. எந்த முகத்தோடு மாடியேறி யோசனை கேட்பது?

கேட்க வேண்டியிருக்கவில்லை. மறுநாள் மதியமே டேப்பும் பென்சிலுமாக வந்தார். அப்பாவை நாற்காலிக்கு மாற்றச் சொல்லிவிட்டு, கட்டிலில் தான் ஏறி மல்லாந்து படுத்தார். வெளியே ஆசாரி ஒருவர் கமுகு மரத்தைப் பிளந்து செய்த வாரிச் சட்டம் ஒன்றைச் சாய்த்துப் பிடித்து நின்றார்.

"பஸ்ஸு தெரியுதா ஓய்?" என்றார் அப்பா, பாதி வாயால்.

"டயரு தெரியுது."

"டயரை வச்சு நான் என்ன செய்ய? போர்டு தெரியணும்."

"வெயிலும் வரப்பிடாது, போர்டும் தெரியணும்னா எப்படி ஓய்?"

"நீருதானே பிளான் வரையக்கூடிய ஆளு?"

மூன்று நாள் இதே சண்டை. படுத்துப் பார்ப்பதும், எழுந்து அளப்பதும், நடுவில் இவர் குறட்டை விடுவதும், அப்பா ஊன்றுகோலால் கட்டிலைத் தட்டி எழுப்புவதும். கடைசியில் கண்ணாடிக்கு வெளியே கமுகு வாரிகள் வரிசையாகக் கீழ்நோக்கிச் சரிந்து நின்றன. வானம் மறைந்தது, வெயில் வெளியே நின்றது, மேட்டுக்குக் கீழே ரோடு மட்டும் தெரிந்தது.

"நாகர்கோவில்!" என்று கத்தினார் அப்பா, போர்டை வாசித்து. தெர்மாமீட்டர் முப்பத்தொன்று காட்டியது.

மச்சினன் லீவில் வந்து வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தான். "அத்தான், கண்ணாடி போட்டேன்னியளே, எங்க?"

"உள்ள பத்திரமா இருக்கு," என்றேன்.

வாரிகள் அடித்து முடித்த அன்று அவர் தெர்மாமீட்டரை அந்த ஆணியிலேயே விட்டுவிட்டுப் போனார். எடுத்துக்கொண்டு ஓடினேன். "மறந்துட்டேன், நாளைக்கு வந்து எடுக்கேன்," என்றார், வாங்காமலே. அடுத்த நாளும் மறந்தார், அதற்கடுத்த நாளும் மறந்தார். சட்டைப் பையில் பேனா ஒன்று குடியேறியது. பிறகு எஞ்சினியர் அலுவலகம் மூடியது. அவர் பேச்சிப்பாறைக்கே போய்விட்டார்.

தினமும் நாலு மணிக்கு போன் மட்டும் வரும். அப்பா இருந்தவரை அவர்தான் எடுப்பார்: "நாகர்கோவில் போயாச்சு, களியக்காவிளை லேட்டு, முப்பத்தொண்ணு." இப்போது நான் எடுக்கிறேன்.

"மாநிலம் ஏத்தாச்சா மக்கா?"

"இல்லண்ணே."

"நாளைக்கு ஏத்துவான். உள்ள எவ்வளவு?"

ஆணியருகே போய்ப் பார்த்துச் சொல்கிறேன். வெயில் கடுமையான நாள்களில் மட்டும் ஒரு டிகிரி குறைத்துச் சொல்லிவிடுகிறேன்.