டாக்டர் ரத்வாவின் பெயர்ப்பலகை

எங்கள் தன்தா நகரத்தில் ஒரு பிள்ளையை டாக்டராக்குவதற்கு முதல் படி, அதை டாக்டர் என்று கூப்பிடத் தொடங்குவது. படிப்பு, பரீட்சை, கல்லூரி முதலானவை பிற்பாடு வரும் சில்லறை விவரங்கள். மேல்நிலைப் பள்ளியில் அறிவியல் பிரிவை எடுத்த அன்றே பிள்ளையின் பழைய பெயர் செல்லாக்காசாகிவிடும். அதன்பிறகு தாய்மார்கள் கீரை வாங்கிவர டாக்டரைத்தான் கடைக்கு அனுப்புவார்கள்.

எங்கள் எதிர்வீட்டு ரத்வாவும் அப்படித்தான் டாக்டரானாள். அவளுடைய அப்பா ஸக்லூல் திரைச்சீலை வியாபாரி. மகள் அறிவியல் பிரிவில் சேர்ந்த மறுவாரமே அவர் பளபளவென்று ஒரு பித்தளைப் பலகை செய்து வந்து, வீட்டு பால்கனிக் கம்பியில் திருகாணி போட்டு முடுக்கிவிட்டார். 'டாக்டர் ரத்வா ஸக்லூல்' என்று இருந்தது. அதற்குக் கீழே ஒரு வரி காலியாக விடப்பட்டிருந்தது. இதயமா, எலும்பா என்பதை மகளே முடிவு செய்துகொள்ளலாம். பிள்ளைகளின் சுதந்திரத்தில் தலையிடாத தகப்பன் அவர்.

ரத்வாவின் அம்மா இன்ஷிராஹ் குலவையிட்டாள். தெருவுக்கே சிவப்புச் சர்பத் வந்தது. மறுநாள் காலை இரண்டாம் மாடி உம்மு வக்தி முட்டியைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

"டாக்டரம்மா, முட்டி மடங்கவே மாட்டேங்குது."

"அத்தை, எனக்கு இன்னும் பதினாறுகூட முடியல."

"உனக்கு முடியலேன்னா என்ன, என் முட்டிக்கு அறுபது ஆச்சே."

"நான் பள்ளிக்கூடத்துல ஒரு தவளையைக்கூட இன்னும் தொட்டுப் பார்க்கலை அத்தை."

"தவளைக்கு மாடிப்படி ஏற வேண்டியிருக்கா? என்னைப் பாரும்மா."

ரத்வா அந்த முட்டியைத் தடவிக்கொடுத்தாள். உம்மு வக்தி குணமாகிப் போய், தெருவெங்கும் அதைச் சொல்லியும் விட்டாள்.

மாடியில் துணி உலர்த்தும்போது ரத்வா என்னிடம் மட்டும் ஒரு விஷயத்தைச் சொன்னாள். அம்மாவுக்குப் பித்தப்பை அறுவை நடந்தபோது ஆஸ்பத்திரியில் அவள்தான் துணைக்கு இருந்தாள். டாக்டர் காற்றைப்போல் வந்து காற்றைப்போல் போனார். அம்மாவின் பக்கத்தில் இருந்து வாந்தியைத் துடைத்து, பயத்தைப் போக்கி, கதை பேசிச் சிரிக்கவும் வைத்தவள் ஒரு நர்ஸ்.

"எனக்கு அந்த வேலைதான் வேணும். நர்சிங் படிக்கப்போறேன்."

"அப்பாகிட்ட சொல்லிட்டியா?"

"அதுக்கு முன்னாடி ரத்த அழுத்தம் பார்க்கக் கத்துக்கணும். சொன்ன உடனே அவருக்குப் பார்க்க வேண்டியிருக்கும்."

பள்ளி இறுதித் தேர்வு முடிவு வந்தது. மருத்துவக் கல்லூரிக்கு அரை மதிப்பெண் குறைந்துவிட்டது. அன்றே ஸக்லூல் வீட்டில் வாடகை நாற்காலிகள் வந்து இறங்கின. துக்க வீட்டு வழக்கப்படி சர்க்கரை போடாத காப்பி வந்தது. ஆண்கள் வரிசையாக வந்து ஸக்லூலின் கையைப் பிடித்து, "இறைவன் உங்களுக்குப் பொறுமையைக் கொடுக்கட்டும்" என்றார்கள். உள்ளே உம்மு வக்தி மூக்கைச் சிந்தினாள்.

"அரை மார்க்காம். எவ்வளவு கைராசியான டாக்டர்! இந்தச் சின்ன வயசுலயே போயிட்டாளே!"

இறந்துபோன டாக்டர் அவளுக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள்.

வந்தவர்கள் போனதும் அப்பா தீர்ப்புச் சொன்னார். "அடுத்த வருஷம் திரும்ப எழுது. டியூஷன் வாத்தியாருங்க எல்லாரையும் மறுபடி வரச்சொல்றேன்."

"அப்பா, நான் நர்சிங் சேர்றேன். அதுக்கு மார்க் தாராளமா இருக்கு. கல்லூரி விருப்பத்தைப் பதிய வியாழக்கிழமை கடைசி நாள்."

இன்ஷிராஹ் கையிலிருந்த தட்டு கீழே விழுந்தது.

"நர்ஸா? வெளியில பலகை என்ன சொல்லுது?" என்றார் அப்பா.

"கழட்டிடுங்க."

"கழட்டறதா! நான் ஏணி போட்டு ஏறினா தெருவே கீழ நின்னு பார்க்குமே! பலகை தொங்கற வரைக்கும் இந்த வீட்டுல நர்ஸ் கிடையாது. ஒரு வீட்டுக்கு ரெண்டு நாக்கு இருக்கக்கூடாது."

இரண்டு நாள் அழுகையும் பட்டினியும் நடந்தன. ரத்வா அழுதாள், அப்பா பட்டினி கிடந்தார். கடைசியில் அவருக்கு ஒரு வழி தோன்றியது. அவராகக் கழற்றினால்தானே அவமானம்? அரசாங்கம் வந்து கழற்றிக்கொண்டு போனால் அது அரசாங்கத்தின் அடாவடி. தெரு முழுவதும் அவர் பக்கம் நின்று திட்டும். பலகை போன பிறகு மகள் எதையாவது படித்துக்கொள்ளட்டும்.

ஆக, வியாழக்கிழமை காலை அவர் தன்மேல் தானே புகார் கொடுக்க நல்ல சட்டை போட்டுக்கொண்டு சுகாதார அலுவலகத்துக்குக் கிளம்பினார். ரத்வா என் கையை விடவில்லை, நானும் போனேன்.

அங்கே மருத்துவர் கணக்கெடுப்புப் பிரிவின் அதிகாரி ஷஹாத்தா புதினா டீயில் நான்காம் கரண்டி சர்க்கரையைக் கலக்கிக்கொண்டிருந்தார்.

"பாஷா, என் வீட்டுல ஒரு டாக்டர் பலகை இருக்கு. சட்டவிரோதம். உடனே வந்து பிடுங்கிட்டுப் போங்க" என்றார் ஸக்லூல். எங்கள் ஊரில் அரசு நாற்காலியில் உட்கார்ந்த எவரும் பாஷாதான்.

"டாக்டர் இருக்காரா?"

"இல்லை பாஷா! டாக்டரே கிடையாது!"

"அப்போ எல்லாம் முறையாத்தானே இருக்கு. என்ன புகார்?"

ஸக்லூல் எங்களைத் திரும்பிப் பார்த்தார். நாங்கள் தரையைப் பார்த்தோம்.

"உட்காருங்க ஹாஜி" என்று அதிகாரி கனிவாகச் சொன்னார். "உங்க தெருவுல எத்தனை டாக்டர் இருக்காங்க?"

"பலகை நிறைய இருக்கு பாஷா. ஆனா கண் டாக்டர் ரியாத்துல இருக்காரு. குழந்தை டாக்டர் ஜெர்மனி போயிட்டாரு. தோல் டாக்டர் குவைத்துக்கு..."

"பார்த்தீங்களா? டாக்டரை நம்பிக் கணக்கெடுக்க முடியுமா? காலையில எண்ணினா சாயங்காலம் விமான நிலையத்துல நிப்பாரு. பலகை எங்கயாவது ஓடியிருக்கா? சம்பளம் பத்தலைன்னு சொல்லியிருக்கா? அதனால நாங்க பலகையைத்தான் எண்ணுறோம். நம்ம மாநிலத்துல இப்போ டாக்டர் பஞ்சமே இல்லை. மந்திரியே பாராட்டினாரு. நீங்க என்னடான்னா வந்து ஒரு டாக்டரைப் பிடுங்கச் சொல்றீங்க. பொதுமக்கள் நோயில கிடந்து சாகணுமா?"

"ஆனா என் மக டாக்டர் இல்லையே பாஷா."

"யார் சொன்னது?"

"மார்க்கு சொல்லுது."

"மார்க்கு கல்வித்துறை சமாச்சாரம். இது சுகாதாரத்துறை. அவங்க பேச்சை நாங்க என்னைக்குக் கேட்டிருக்கோம்?"

ரத்வா மெல்லத் தொண்டையைச் செருமினாள். "ஐயா, நான் நர்சிங் படிக்கலாம்னு..."

"தாராளமா படிங்க டாக்டர்! யார் தடுத்தா? உங்க தெரு எலும்பு டாக்டர் கோழிப்பண்ணை வெச்சிருக்காரு. நாங்க ஏதாவது கேட்டோமா?"

வெளியே வந்த ஸக்லூலின் நடை மாறியிருந்தது. படியிறங்கும்போதே மகளின் தோளைத் தட்டினார்.

"கேட்டியா? அரசாங்கமே சொல்லிடுச்சு, நீ டாக்டர்தான். இனிமே என்ன வேணாலும் படி! தச்சு வேலை வேணுமா, அதையும் படி!"

இணையக் கடையை அடைப்பதற்குள் ஓடிப்போய் விருப்பத்தைப் பதிந்தோம். ரத்வா பொத்தானை அழுத்திவிட்டுச் சிரித்த சிரிப்பில் கடைக்காரர் காசு வாங்க மறந்துவிட்டார். அன்று மாலை இரண்டாம் முறையாகச் சர்பத் வந்தது. டாக்டர் உயிர்த்தெழுந்ததில் உம்மு வக்தியின் முட்டியும் மறுபடி சரியாயிற்று.

ரத்வா நர்சிங் கல்லூரிக்குப் போகத் தொடங்கினாள். பலகை தன்பாட்டுக்கு முன்னேறத் தொடங்கியது.

முதலில் ஓர் உத்தரவு வந்தது. 'மேற்படி டாக்டர் ரத்வா ஸக்லூல் அவர்கள் கட்டாய கிராம சேவையை இதுநாள்வரை ஆற்றாதது வருத்தத்துடன் கவனிக்கப்பட்டது. அபூ சுவைலிம் கிராமச் சுகாதார நிலையத்தில் உடனே பொறுப்பேற்குமாறு இதனால் பணிக்கப்படுகிறார்.' ஸக்லூல் பதறிப்போய் அலுவலகத்துக்கு ஓடினார்.

"டாக்டர் வரணும்னு யார் கேட்டா? பலகையை அனுப்புங்க போதும். மத்த டாக்டருங்க அதைக்கூட அனுப்ப மாட்டேங்குறாங்க" என்றார் ஷஹாத்தா.

பலகை ஒரு சரக்கு வண்டியில், பூசணிக்காய்களுக்கு நடுவே, கிராமத்துக்குப் போனது. சுகாதார நிலையத்தின் வாசலுக்கு மேல் அதை மாட்டினார்கள். பல காலமாக அங்கே ஒரு டாக்டரும் வந்ததில்லை. ஆகவே இப்படி ஒரு டாக்டர் வந்ததில் யாருக்கும் குறை தெரியவில்லை. மாறாக, நற்சான்றுகள் குவிந்தன. ஒருநாள்கூட விடுப்பு எடுத்ததில்லை. நோயாளிகளிடம் குரலை உயர்த்தியதில்லை. தனியாக மருத்துவமனை நடத்தியதில்லை. வெளிநாட்டு வேலைக்கு மனுப் போட்டதில்லை. பதவி உயர்வு தானாக வந்தது. பலகையில் வெறுமையாக இருந்த அந்த வரியில், அரசு செலவில், 'தலைமை மருத்துவர்' என்று பொறித்தார்கள்.

படிப்பை முடித்த ரத்வாவுக்கு அரசு வேலை கிடைத்தது. எங்கே என்று கேட்டால் அபூ சுவைலிமில்தான். தன் பெயருக்குக் கீழே, தன் பெயரின் மேற்பார்வையில், அவள் வேலை செய்கிறாள். காய்ச்சலுக்கு ஈரத்துணி போடுவதும், புண் கழுவிக் கட்டுவதும், பிள்ளைகளுக்கு ஊசி போட்டுச் சிரிக்க வைப்பதும் அவள்தான். முடியாததை வண்டி பிடித்து நகரத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறாள். பார்த்தால் ஆசையாக இருக்கும்.

போன சனிக்கிழமை தொண்டை வலியோடு நானும் அங்கே போயிருந்தேன். பலகைக்கு மெருகேற்ற ஸக்லூலும் எலுமிச்சம்பழமும் துணியுமாக உடன் வந்தார். வாரம் தவறாமல் வருகிறாராம். டாக்டருடைய அப்பா என்று எல்லாரும் எழுந்து இடம் கொடுத்தார்கள்.

மகனுக்குக் கட்டுப் போட்டுக்கொண்ட ஒரு பெண் ரத்வாவிடம் கேட்டாள்: "உன் பேரு என்ன கண்ணு?"

"ரத்வா."

"அட, நம்ம டாக்டரம்மா பேரு! ம்... நீயும் இன்னும் கொஞ்சம் கவனிச்சுப் படிச்சிருந்தா அவங்களை மாதிரி ஆயிருக்கலாம்."

"அரை மார்க் போயிடுச்சு அக்கா" என்றாள் ரத்வா.

அந்தப் பெண் ஐயோ பாவம் என்றாள். போகும்போது வாசலில் நின்று, நிமிர்ந்து பலகையைப் பார்த்து, "உங்க கைக்குக் கோடி புண்ணியம் டாக்டரம்மா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ரத்வா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். இருவருக்கும் சிரிப்பு பீறிட்டது. அடக்க முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். எதற்கென்று தெரியாமல் நோயாளிகளும் கூடச் சேர்ந்துகொண்டார்கள்.

ஏணிமேல் நின்று பலகையைத் துடைத்துக்கொண்டிருந்த ஸக்லூல் திரும்பி, விரலை உதட்டில் வைத்து மகளை அதட்டினார்.

"உஷ்! என்ன சத்தம் அங்க? டாக்டர் இருக்காங்கல்ல?"

உடனே எல்லாரும் குரலை அடக்கிக்கொண்டோம். ரத்வாவும்தான்.