பஸ்ஸின் பின்னால் மாலையோடு நான்

ஜெலுத்தோங், பினாங்கு
சனிக்கிழமை, காலைக் காப்பிக்குப் பின்

சுறுசுறுப்பும் பிடிவாதமும் ஒருங்கே வாய்த்த என் தம்பி மகள் அர்ச்சனாவுக்கு, உன் அத்தை நாச்சம்மை எழுதுவது. இங்கே நான் நலமாக இருக்கிறேன். எல்லாரும் கடிதத்தில் எழுதும் மரியாதை வரிதானே என்று இதைத் தாண்டிப் போய்விடாதே. இந்த முறை இது செய்தி. நான் உயிரோடு இருக்கிறேன், இரண்டு கால்களாலும் நடக்கிறேன், நேற்றுகூட மாடிப்படியில் ஏறினேன். இதை உன் அலுவலகத்தில் எல்லாருக்கும், குறிப்பாக விளம்பரப் பிரிவுக்கு, தெரிவித்துவிடு.

நீ அனுப்பிய ஒப்புதல் தாள் வந்து சேர்ந்தது. இன்னும் ஐந்து ஆண்டுகளுக்கு என் படத்தை உங்கள் சாக்லேட் உறையில் போட நான் கையெழுத்திட வேண்டுமாம். தீபாவளிக்கான உறைகள் அச்சகத்தில் காத்துக் கிடக்கின்றனவாம். என் பதில்: மாட்டேன். காரணத்தை வாட்ஸ்அப்பில் எழுதியிருப்பேன், ஆனால் நீ ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பிவிட்டு அடுத்த கூட்டத்துக்குப் போய்விடுவாய். ஆங்கிலத்தில் எழுதினால் உன் கோலாலம்பூர் அலுவலகமே சுற்றி நின்று படிக்கும். கான்வென்ட்டில் படித்தவள்தான் என்றாலும் குடும்பச் சண்டைக்குத் தமிழ்தான் எனக்கு வசதி. அதனால் காகிதத்தில் எழுதி கூரியரில் அனுப்புகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உன்னைப் பற்றிய பெருமை எனக்குக் குறைவில்லை. கொரோனா நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் நீ ஊர் திரும்ப முடியாமல் என் வீட்டில் மாட்டிக்கொண்டு, பொழுது போகாமல் என் தோசைமாவு கிரைண்டரில் கோக்கோக் கொட்டையைப் போட்டு இரவு பகலாக ஓடவிட்டாயே, கீழ்வீட்டுக் குமுதா ஏதோ மெஷின் வைத்துக் கள்ளநோட்டு அடிக்கிறோம் என்று நினைத்தாளே, அதற்குப் பிறகு மாதக்கணக்கில் என் தோசை சாக்லேட் வாசம் அடித்ததே, அத்தனையையும் நான் பொறுத்துக்கொண்டேன். நீ முதலில் செய்தது மழையில் நனைந்த சுவர் மாதிரி வெள்ளை பூத்துக் கிடந்தது. திரும்பச் செய் என்றேன். அடுத்தது உடைத்தால் ரப்பராக வளைந்தது. திரும்பச் செய் என்றேன். நீ அழுதாய், நான் காப்பி போட்டுக் கொடுத்துவிட்டுத் திரும்பச் செய் என்றேன். கடைசியில் ஒருநாள் உடைத்தபோது 'டக்' என்று சத்தம் வந்தது, அதற்குமேல் நான் ஒன்றும் சொல்லவில்லை. நீ அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டாய். சரியாகத்தான் எடுத்துக்கொண்டாய்.

பிறகு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் கடை போட்டாய். ஐந்து நிமிடம் பார்த்துக்கொள்ளுங்கள் அத்தை என்று நீ கழிவறைக்குப் போன நேரத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண் மிளகாய் சாக்லேட்டை எடுத்தாள். "அது வேண்டாம், இன்றைக்கு மிளகாய் கருகிவிட்டது, பக்கத்தில் இருப்பதை எடு" என்று நல்ல ஆங்கிலத்தில் சொன்னேன். பக்கத்தில் நின்ற ஒருத்தி அதைக் கைப்பேசியில் பிடித்து உலகத்துக்கே காட்டிவிட்டாள். நீ தலையில் கை வைத்துக்கொண்டு, "அத்தை, நம்ம கடையில நம்மளே வாங்காதன்னு சொன்னா எப்படி லா" என்றாய். மறு வாரம் வரிசை தெருமுனை வரை நின்றது. வந்தவர்கள் எல்லாரும் எது நன்றாக இருக்கும் என்று கேட்கவில்லை, எது வேண்டாம் என்றுதான் கேட்டார்கள். அன்றைக்குத்தான் நீ சாக்லேட்டுக்கு 'அத்தை' என்று பெயர் வைத்தாய். இப்போது காப்பிக்கடை, விமான நிலையம், ஃபெரித் துறை, பேரங்காடி எல்லா இடத்திலும் அத்தை. சீனர், மலாய்க்காரர், சுற்றுலா வந்த ஜப்பானியர் எல்லாருக்கும் நான் அத்தை. ஒருத்தராவது என்னைக் கேட்டு இந்த உறவைத் தொடங்கவில்லை. இருந்தாலும் பேரங்காடிக்குப் போகும்போதெல்லாம் சுவிட்சர்லாந்து சாக்லேட்டைக் கொஞ்சம் உள்ளே தள்ளிவிட்டு உன்னுடையதை முன்னால் நேராக நிறுத்திவிட்டுத்தான் வருகிறேன். யாரும் பார்ப்பதில்லை. பார்த்தாலும் உறையில் இருக்கும் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போய்விடுகிறார்கள்.

இத்தனையும் சரி. இந்தப் புது உறைதான் சரியில்லை. உன் விளம்பரப் பிரிவு ஷஹீரா தங்கமான பெண், வந்தால் செருப்பை ஒழுங்காக ஓரம் வைப்பாள், நான் குறை சொல்லமாட்டேன். பழைய ஆல்பத்திலிருந்து என் படம் ஒன்றைக் கொடு என்று நீ கேட்டாய், கொடுத்தேன். அதை முட்டை வடிவத் தங்கச் சட்டத்துக்குள் போட்டிருக்கிறாள். சட்டத்தின்மேல் மல்லிகை மாலை, இரண்டு பக்கமும் தொங்குகிறது. அடியில் என் பெயர். பெயருக்குக் கீழே '1948 – 2021'. நான் பிறந்த ஆண்டும் சாக்லேட் பிறந்த ஆண்டும் என்று நீ விளக்கம் சொன்னாய். அதற்கும் கீழே, 'அவரின் இனிமை என்றும் நம்மோடு'. மலாய்க்காரப் பெண்ணுக்கு இது தெரியாது, தெரியவேண்டிய அவசியமும் இல்லை. நீ தமிழ்ப் பெண். உங்கள் வீட்டுக் கூடத்தில் தாத்தா படம் எப்படி மாட்டியிருக்கிறது? சின்னச் சிவப்பு பல்பு ஒன்றுதான் என் படத்தில் குறைச்சல். இதை விமான நிலையத்தில் ஓடிக்கொண்டே பார்த்து 'ஓகே' சொன்னாயாம்.

இதையே பெரிதாக்கி ஜெலுத்தோங் வழியாகப் போகும் பஸ்ஸின் பின்னால் ஒட்டியிருக்கிறார்கள். பஸ் மெதுவாகத்தான் போகும் என்பது உனக்குத் தெரியும். முன்னால் மாலையோடு நான், பின்னால் ஊர்ந்துவரும் மோட்டார் சைக்கிள்கள், கார்கள். ஒன்றிரண்டு பேர் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டதை நானே என் ஜன்னலிலிருந்து பார்த்தேன்.

அன்றைக்கே ஆரம்பித்தது. பசாரில் கோயில் மோகனா என்னைக் கண்டதும் கையிலிருந்த தவ்கே முளைப்பயறுப் பையைக் கீழே போட்டுவிட்டு, "அக்கா, வெயில்ல உங்க நிழல் விழுதா பாருங்க" என்றாள். நான் பார்த்தேன், விழுந்தது. குமுதா மேலே வந்து, "அக்கா, பஸ்ல உங்கள பாத்தேன், கும்பிட்டுக்கிட்டேன்" என்றாள். "நான் மேல்வீட்டில் இருப்பது உனக்குத் தெரியுமே" என்று கேட்டேன். "தெரியும் அக்கா. ஆனா மாலையப் பாத்ததும் கை தன்னால மேல போயிடுச்சு" என்றாள். பிறகு தொலைபேசி. யாரோ ஓர் அம்மாள், பாகான் டாலாமிலிருந்து.

"நாச்சம்மை வீடுங்களா? எத்தன மணிக்கு எடுக்கிறாங்க?"

"எடுப்பதாக இல்லை" என்றேன்.

"ஓ, வெளிநாட்டுலேர்ந்து யாரும் வரணுமா?"

"யாரும் வர வேண்டாம். நாச்சம்மைதான் பேசுகிறேன்" என்றேன். அந்தப் பக்கம் ஏதோ உடைந்த சத்தம் கேட்டது. உன் சாக்லேட்டாக இருந்தால் தரம் நன்றாக இருக்கிறது என்று வைத்துக்கொள்.

முனைக்கடை சுலைமான் வேறு மாதிரி. நான் உள்ளே நுழைந்ததும் பதறிப்போய், "அக்கா, தயவுசெஞ்சு வெளிய வராதீங்க" என்றார். ஏன் என்றேன். "நீங்க போய்ட்டீங்கன்னு ஆளுக்கு ரெண்டு மூணு வாங்கிட்டுப் போறாங்க. பாவம், நல்ல மனுஷி, கடைசியா ஒரு தடவ சாப்பிட்டுப் பாப்போம்னு. பெட்டி காலி. ஒரு வாரம் மட்டும் வீட்டுல இருங்க அக்கா, ஸ்டாக் வந்துடும்." ஆக, புது உறையால் பினாங்கில் விற்பனை கூடிவிட்டது என்று நீ பெருமையாகச் சொன்னாயே, அந்த வெற்றி உறையுடையது அல்ல. நான் செத்ததால் வந்தது.

இதெல்லாம்கூட எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. வியாழக்கிழமைதான் சிரிப்பு நின்றது. கெப்பாலா பத்தாஸிலிருந்து பிச்சைமுத்து வந்தார். உன் மாமாவோடு ஃபெரியில் வேலை பார்த்தவர். நீ குழந்தையில் பார்த்திருப்பாய், கழுத்தில் எப்போதும் கேமரா தொங்கும். கதவைத் திறந்து வாருங்கள் என்றேன். துக்க வீட்டுக்கு வருகிறவர் பதில் சொல்லமாட்டாரே, நேராக வந்து சோபாவில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். கண்ணில் புரை வேறு.

"எப்படிம்மா ஆச்சு?" என்றார்.

"எது?" என்றேன்.

"நீங்க அண்ணியோட தங்கச்சிங்களா? அதே சாயல். ஆனா அண்ணி இன்னும் கொஞ்சம் லட்சணம்." பிறகு சுற்றிலும் பார்த்து, "அண்ணே எங்க? அவர எப்படித் தேத்துறதுன்னே தெரியாம வந்திருக்கேன்" என்றார்.

புரிகிறதா? படத்தில் மாலை இருப்பதால் நான் போய்விட்டேன். நெற்றியில் குங்குமம் இருப்பதால் உன் மாமா இருக்கிறார். கணக்கு சரி, விடைதான் நேர்மாறு. மாமா போனபோது இவர் மகனோடு ஜோகூரில் இருந்தாராம், யாரும் சொல்லவில்லையாம்.

"பிச்சைமுத்து, நான்தான் நாச்சம்மை. போனது அவர்தான். பதினோரு வருஷம் ஆகிறது" என்றேன்.

என்னைப் பார்த்தார். சுவரில் மாமா படத்தைப் பார்த்தார். எழுந்து போய் அதன் பக்கத்தில் நின்று மறுபடி பார்த்தார். "அண்ணி, நீங்க இருக்கீங்க" என்றார். இருக்கிறேன் என்றேன். "அண்ணே இல்ல" என்றார். அப்புறம் அழுதார். கெப்பாலா பத்தாஸிலிருந்து கொண்டுவந்த அழுகை வீண் போகவில்லை, ஆள்தான் மாறியது. காப்பி போட்டுக் கொடுத்தேன். என் படத்துக்கு முன்னால் வைக்கலாம் என்று உன் சாக்லேட் ஒன்றும் வாங்கி வந்திருந்தார். அதை உடைத்து இருவரும் சாப்பிட்டோம். கொஞ்சம் இனிப்பு கூடிவிட்டது, கவனி.

சாப்பிட்டுக்கொண்டே உறையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தவர், "அண்ணி, இது நான் எடுத்த போட்டோ" என்றார். எனக்கே மறந்துவிட்டது. உன் மாமா ஓய்வு பெற்ற நாளில் ஃபெரியின் மேல்தளத்தில் எடுத்தது. "அண்ணே உங்களுக்குன்னு சாக்லேட் வாங்கி சட்டப் பையில வச்சிருந்தாரு. வெயில்ல உருகிப் போச்சு. நீங்க பாக்கறதுக்குள்ள துடைக்கணும்னு சட்டக் கையாலயே துடைச்சாரு. நீங்க பாத்துட்டீங்க. 'இத்தன வருஷம் ஆபீசரா இருந்தவர் செய்யற வேலையா இது'ன்னு திட்டிக்கிட்டே சிரிச்சிட்டீங்க. அந்தச் சிரிப்பத்தான் பிடிச்சேன்" என்றார். பிறகு விரலால் உறையைத் தடவி, "இந்தப் பக்கம் அண்ணே கை வருமே. அவர எங்க அண்ணி?" என்று கேட்டார். அவர் விரல் வைத்த இடத்தில் மல்லிகை மாலை தொங்கிக்கொண்டிருந்தது.

நான் உன்னைத் திட்டவில்லை, அர்ச்சனா. உறையில் இரண்டு பேருக்கு இடம் இருக்காது என்பது எனக்கும் புரியும். ஆனால் என்னைச் சிரிக்க வைத்தவரை வெட்டி எறிந்துவிட்டு, சிரித்தவளுக்கு மாலையைப் போட்டு ஊர் முழுக்கச் சுற்றவிடுவது என்னால் ஆகாது. தீபாவளி நேரத்தில் எந்தத் தமிழ் வீட்டிலும் இதை வாங்கிப் பலகாரத் தட்டில் வைக்கவும் மாட்டார்கள். என் முகத்தை எடுத்துவிடு. கோக்கோக் காய் படம் போடு, பினாங்குப் பாலம் போடு, பல் நன்றாக இருக்கும் ஏதாவது இளம் பெண்ணைப் போடு. ஒப்புதல் தாளைக் கையெழுத்திடாமல் இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். இதுவே என் முடிவு. தொலைபேசியில் கொஞ்சி மாற்றலாம் என்று பார்க்காதே.

உன் அப்பா ராம்நாத்திடம் இரத்த அழுத்த மாத்திரையை நினைவுபடுத்து. நீயும் வேளைக்குச் சாப்பிடு, கூட்டத்தில் சாப்பிடும் பிஸ்கட் சாப்பாடு ஆகாது. உன் தொழில் இன்னும் பல ஊர்களுக்குப் போகட்டும், உன் சாக்லேட் எங்கே போனாலும் 'டக்' என்று உடையட்டும், ஒரு நாளும் வளையாதிருக்கட்டும்.

என்றும் உன் நன்மையை விரும்பும்,
உன் அத்தை
நாச்சம்மை (உயிரோடு)

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகும் நேரத்தில் ஷஹீரா தொலைபேசியில் வந்தாள். எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அவளுக்கும் யாரோ சொல்லியிருக்கிறார்கள். பாவம். மாலை ஏன் என்று கேட்டேன். "அத்தை, படத்தை வெட்டின பிறகும் ஓரத்துல யாரோ ஒருத்தரோட சட்டைக் கை உங்க தோள்மேல இருந்துச்சு. எவ்வளவு வெட்டினாலும் போகல. அதான் பூ வச்சு மறைச்சேன்" என்று மலாயில் சொன்னாள்.

ஆகவே மேலே எழுதியதை விட்டுவிடு. ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், ஐந்து ஆண்டு போதாது என்றால் பத்து என்று மாற்றிக்கொள். தங்கச் சட்டம் இருக்கட்டும், எனக்குப் பொருந்துகிறது. அந்த 2021-ஐயும் அந்த வாசகத்தையும் எடுத்துவிடு. மாலையைக் கட்டாயம் எடுத்துவிடு. அடியில் இருக்கும் சட்டைக் கை அப்படியே தெரியட்டும். அதில் ஒரு கறை இருக்கிறதாம், கணினியில் சுத்தமாகத் துடைத்துவிடுவதாக ஷஹீரா சொன்னாள். துடைக்க வேண்டாம் என்று அவளிடம் சொல். அது சாக்லேட்.