பிள்ளையை நடக்க விடாத பகல்

பிள்ளையை நடக்க வைக்கப் பாடுபடாத அப்பா உலகத்தில் இல்லை. நடக்க விடாமல் ஒரு காலைப்பொழுது முழுக்கப் பாடுபட்டவன், எனக்குத் தெரிந்து கோவில்பட்டி வட்டாரத்திலேயே நான் ஒருவன்தான்.

காரணம் என் மனைவி முத்துலட்சுமி. எங்கள் மகள் யாழினி முதன்முதலில் குப்புற விழுந்தபோது அவள் குளித்துக்கொண்டிருந்தாள். முதன்முதலில் தவழ்ந்தபோது எட்டயபுரத்துப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். இரண்டையும் பார்த்தவன் நான். (வீட்டிலிருந்தே கட்டட வரைபடம் போடுகிற பிழைப்பு எனக்கு.) தவழ்ந்த அழகை நான் ஆர்வமாக விவரிக்க விவரிக்க, அவள் முகம் தொங்கிப்போயிற்று.

"அடுத்தவுக சொல்லிக் கேக்கவா பெத்தேன்? நடையவாவது நான் பாக்கணும். நான் இல்லாதப்ப நடக்க விட்டுராதீய."

கண் கலங்கியிருந்தது. நானும் பெரிய சூரப்புலி மாதிரி, "நான் பாத்துக்கிடுதேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

மூன்று மாதம் கழித்து வந்தது வினை. அவள் பஸ் ஏறிப் போன கொஞ்ச நேரத்தில் யாழினி சுவரைப் பிடித்து எழுந்தாள். கையை எடுத்தாள். தனியாக நின்றாள். ஒரு கால் தரையை விட்டு எழும்பியதும், பாய்ந்துபோய் அவளைப் பிடித்து உட்கார வைத்தேன். முத்துலட்சுமிக்குப் போன் போட்டேன்.

"புள்ள கிளம்பிட்டா. உடனே வா."

"பிடிச்சு வையிங்க. அரை நாள் லீவு சொல்லிட்டு மத்தியானம் வாரேன்."

பிடித்து வைப்பதா? (கன்றுக்குட்டியா, முளைக்குச்சியில் கட்டிப்போட?) உட்கார வைத்தால் எழுந்தாள். மறுபடி உட்கார வைத்தால் அலறினாள். அலறல் கேட்டுப் பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா வந்துவிட்டார். பிள்ளை நடந்தால் கொழுக்கட்டை அவித்துத் தெருவுக்கே கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம்.

"நிக்காளே தம்பி. அரிசி ஊறப் போட்டுருவோமா?"

"வேண்டாம்க்கா. இன்னும் நடக்கல. இப்ப நடக்கவும் கூடாது."

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஒனக்கு என்ன கோட்டி பிடிச்சிருக்காலே?"

ஒரு யோசனை வந்தது. யாழினியின் முன்னால் தரையில் பொரியை இறைத்தேன். முந்தின நாள் வரை உள்ளங்கையால் வாரி, பாதியைச் சிந்துகிறவள், அன்று கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் குவித்து, ஒரே ஒரு பொரியைக் கிள்ளி எடுத்தாள். எடுத்து வாயில் போட்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு புதுமையைத் தடுக்கப் போய் இன்னொன்று முளைத்துவிட்டதே. இதையும் முத்துலட்சுமி பார்க்கவில்லையே என்று பதறி, செல்போனில் படம் பிடித்து வைத்தேன்.

பொரி தீர்ந்ததும் மறுபடி எழுந்தாள். கடைசி வழியாக நானே நாலு காலில் இறங்கினேன். நான் முன்னால் தவழ, அவள் சிரித்துக்கொண்டே பின்னால் தவழ, வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தோம். முழங்கால் இரண்டும் எரிந்தன. ஆனாலும் உற்சாகம் தாங்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம்தான், ஜெயித்துவிடலாம்.

மத்தியானம் கேட் சத்தம் கேட்டது. நான் அடுப்படியைப் பார்த்துத் தவழ்ந்த நிலையில் இருந்தேன். வாசலுக்குக் காட்டியது என் பின்பக்கத்தை. யாழினி என் சட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றாள்.

"அசையாதீய," என்றாள் முத்துலட்சுமி, மெதுவாக.

அசையவில்லை. மூச்சுகூட விடவில்லை. சட்டையின் இழுப்பு தளர்ந்தது. தப், தப், தப் என்று ஒரு சின்னச் சத்தம். அப்புறம் முத்துலட்சுமி அழுவதும் சிரிப்பதும் சேர்ந்தே கேட்டது.

"நடந்துட்டா, நடந்துட்டா," என்று கேட் சத்தம் கேட்டு வந்திருந்த ஸ்டெல்லா அக்கா கை தட்டினார்.

திரும்பினேன். யாழினி அம்மாவின் இடுப்பில் ஏறியாயிற்று.

காலையிலிருந்து காவல் காத்தவனைத் தவிர எல்லாரும் பார்த்துவிட்டார்கள். பாவம் என்று முத்துலட்சுமியே, பிள்ளையை அக்காவிடம் கொடுத்துவிட்டு, பையைக்கூட இறக்காமல், கையை விரித்துத் தள்ளாடித் தள்ளாடி நடந்து காட்டினாள். அடக்க முடியாமல் நானும் சிரித்தேன். அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்துக்கு இன்னொரு நாள்கூடத் தவழலாம்.

அன்றைக்கு ஸ்டெல்லா அக்கா அவித்த கொழுக்கட்டையோடு இந்தக் கதையும் தெரு முழுக்கப் போய்ச் சேர்ந்தது. இன்றும் சொந்தக்காரர்கள் வந்தால் முத்துலட்சுமியும் அக்காவும் என்னைச் சுவர்ப்பக்கம் திருப்பி உட்கார வைத்துவிட்டுத்தான் சொல்ல ஆரம்பிக்கிறார்கள். யாழினி இப்போது ஒன்றாம் வகுப்பு. போன வாரம் பின்சக்கரத்தின் துணைச் சக்கரங்களைக் கழற்றிவிட்டு முதன்முதலாகச் சைக்கிளில் ஏறினாள். ஏறியவள் இறங்கி வந்து, என் இடுப்பைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி நிறுத்தினாள்.

"எப்பா, இங்கன பாத்துக்கிட்டே இருங்க. பெறவு அம்மாவால சைக்கிள் மாதிரி நடிச்சுக் காட்ட முடியாது."