மாமனார் துப்பாக்கிக்குப் பல் துலக்கிய விவரம்

வில்லோ பெண்ட், மொன்டானா
ஏப்ரல் 24

மதிப்பிற்குரிய மைத்துனர் வெண்டல் ப்ரூயிட் அவர்களுக்கு, உங்கள் தங்கை மாக்சீனின் கணவன் டெல்பர்ட் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம். மாக்சீனின் முழங்கால் மட்டும் மழை வருவதை வானொலிக்கு முன்பே சொல்லிவிடுகிறது. அங்கே உங்கள் நலமும், வீட்டில் டோரத்தியின் நலமும், இந்த மாதம் கன்று போட்ட பசுக்களின் நலமும் அறிய ஆவல். நீங்கள் அனுப்பிய மான் தொத்திறைச்சி பத்திரமாக வந்து சேர்ந்து, பாதி தீர்ந்தும் விட்டது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் அப்பாவின் கைத்துப்பாக்கியைப் பற்றியது. பயப்படும்படி ஒன்றுமில்லை, நான் இருக்கிறேன். ஈஸ்டர் விருந்தன்று நீங்கள் அந்த மரப்பெட்டியை என் கையில் கொடுத்துச் சொன்னது எனக்கு எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருக்கிறது. "போன வருஷம் அப்பா நினைவுத் துப்பாக்கி சுடும் போட்டியில ஊரே தொப்பியக் கழட்டி நிக்குது. போட்டியத் தொடங்கி வெக்க நான் மூணு குண்டு சுடணும், ரெண்டாவதே மாட்டிக்கிச்சு. நான் அங்க நின்னு நின்னு செத்தேன். இந்த வருஷமும் அப்படி ஆச்சுன்னா இனிமே அந்த மைதானத்துப் பக்கமே வரமாட்டேன். லைல்கிட்ட குடுத்துப் பாக்கச் சொல்லு. நீ கை வெக்காத டெல்பர்ட்." கடைசி வாக்கியத்தை மூன்று முறை சொன்னீர்கள். அதை நான் பொதுவான அறிவுரையாக எடுத்துக்கொண்டேன்.

ஏனென்றால் துப்பாக்கி பழுது பார்க்கும் லைலிடம் போனேன், மூன்று வாரம் ஆகும் என்றான். போட்டி மே இரண்டாம் தேதி. நாள் கணக்குப் பார்த்தால் உதைத்தது. சரி, அப்படி என்ன பெரிய வேலை என்று இணையத்தில் பார்த்தேன். தாடிக்காரர் ஒருவர் தெளிவாகச் சொன்னார்: தோட்டா அதன் கூட்டிலிருந்து குழலுக்குள் ஏறும் இடத்தில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு சின்னச் சாய்வு இருக்கிறது, அது சொரசொரப்பாக இருந்தால் தோட்டா தடுக்கி நிற்கும், வழவழப்பாக மெருகேற்றினால் போதும் என்று. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெண்டல், நாற்பத்தோரு வருஷம் இந்த ஊர்க் கடைவாய்ப்பற்களை மெருகேற்றியவன் நான்! இது என்ன, இரும்பில் ஒரு பல், அவ்வளவுதானே? இன்றைக்கும் கடைத்தெருவில் ஒருவர் வணக்கம் சொன்னால் ஆள் யாரென்று தெரியாது, வாயைத் திறந்தால் பெயர், தகப்பனார் பெயர், எந்த வருஷம் எந்தப் பல் அடைத்தேன் எல்லாம் சொல்லிவிடுவேன். முகத்தைப் பார்த்தா யாராவது வைத்தியம் செய்வார்கள்?

திங்கட்கிழமை காலை நிலவறையிலிருந்து என் பழைய பல் ராவும் கருவியையும், ரப்பர் கிண்ணங்களையும், புதினா மணக்கும் பசை ஒரு டப்பாவையும் எடுத்து வந்து சமையலறை மேசையில் துண்டு விரித்தேன். துப்பாக்கியில் தோட்டா இல்லை என்று நானும் பார்த்தேன், மாக்சீனையும் பார்க்கச் சொன்னேன். அதில் நான் கறார். பெட்டி மூடியில் 'ஏ. ப்ரூயிட்' என்று உங்கள் அப்பா செதுக்கிய பெயரைத் தடவி ஒரு கும்பிடும் போட்டுக்கொண்டேன். அவரும் நானும் ஒரே நாளில், ஒரே கடையில், அண்ணன் தம்பி போல ஒரே மாதிரித் துப்பாக்கி இரண்டு வாங்கியது உங்களுக்குத்தான் தெரியுமே. என்னுடையது அலமாரியில் சுகமாக இருக்கிறது.

கழற்றும்போது ஒரு சின்னச் சம்பவம். குழலுக்கடியில் ஒரு சுருள்வில் இருக்கிறது, அதன் வாயில் ஒரு மூடி. அது டப்பென்று என் காதோரம் பறந்து போனது. தேடினேன், தேடினேன், காணோம். அன்று சாயங்காலம் தேவாலயத்தில் பொது விருந்து. மாக்சீன் காலையில் செய்து அதே சமையலறையில் ஆறவைத்திருந்த, பாலாடை போட்டு வேகவைத்த உருளைக்கிழங்கில் போதகர் ஹால்வர்சன் முதல் கரண்டி எடுத்து வாயில் வைத்தார். கடக்! நல்ல மனிதர், ஒரு கெட்ட வார்த்தை இல்லை. வலது கீழ் இரண்டாவது கடைவாய்ப்பல், நான் தொண்ணூற்றெட்டில் போட்ட பல்லுறை, துப்பாக்கி மூடியோடு சேர்ந்து கையில் வந்தது. நான் உடனே காரிலிருந்து கருவியை எடுத்து வந்து, முனையை மாற்றிவிட்டுத்தான், அங்கேயே சுத்தம் செய்து ஒட்டிக் கொடுத்தேன். "டாக்டர், புதினாவோட துப்பாக்கி எண்ணெய் வாசமும் வருதே" என்றார். "பழகிடும் ஐயா" என்றேன். ஆக ஒரே நாளில் இரண்டு வேலை முடிந்தது.

செவ்வாய்க்கிழமை மைதானத்துக்குப் போய்ச் சுட்டுப் பார்த்தேன். முதல் குண்டு போனது, இரண்டாவது மாட்டிக்கொண்டது. வீட்டுக்கு வந்து இன்னொரு முறை மெருகேற்றினேன். புதன்கிழமை சுட்டேன், மாட்டிக்கொண்டது. அப்போது மாக்சீன் பட்டாணி உரித்துக்கொண்டே சொன்னாள், "என்னங்க, அந்தத் தோட்டாக் கூட்ட மாத்திப் போட்டுப் பாருங்களேன்."

"எந்தக் கூட்ட?"

"அதாங்க, கைப்பிடிக்குள்ள சொருகுவீங்களே, அந்தத் தகரக் கூடு. அதோட வாய் கோணலா இருக்கற மாதிரி இருக்கு."

"வாயப் பத்தி என்கிட்ட பேசறியா? நாப்பத்தோரு வருஷம்!"

"சரி சரி. நீங்க தேய்ங்க ராசா" என்றாள். அதன் பிறகு அவ்வப்போது அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வாள், தோள் குலுங்கும், இருமல் என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை முழுக்கத் தேய்த்தேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தால் என் மூக்கு மயிர் அதில் தெரிகிறது! இந்த மாகாணத்திலேயே அப்படி ஒரு பளபளப்பான சாய்வு கிடையாது. சுட்டேன், முதல் குண்டே மாட்டிக்கொண்டது. இது இரும்பின் பிடிவாதம் என்று வெள்ளிக்கிழமை காலை, அதாவது இன்றைக்கு, லைலிடம் காட்டினேன். அவன் விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு கையால் வாயைப் பொத்திக்கொண்டான். துக்கம் தாங்காமல் என்று நினைத்தேன்.

"டாக்டர், இது இனிமே சாய்வு இல்ல, சறுக்குமரம். ஓரமே இல்லாம வழிச்சுட்டீங்க. தயவுசெஞ்சு இதச் சுடாதீங்க, ஆபத்து. சுவத்துல வேணா மாட்டிக்கங்க."

"வேற வழி?"

"சொத்தை இல்லாத பல்ல நோண்டிட்டு வழி கேக்கறீங்களே" என்றான் அந்த மனிதன், என்னிடம்!

வெண்டல், இதுவரை தைரியமாக எழுதிவிட்டேன். இந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டு மறுபடி எடுத்தேன். உங்கள் அப்பா ஆர்ச்சி ப்ரூயிட் என்னை மருமகனாக ஏற்றுக்கொள்ள இரண்டு வருஷம் யோசித்தவர். ஏற்றுக்கொண்ட அன்றைக்கு என்னை அழைத்துப்போய் அந்தத் துப்பாக்கிகளை வாங்கினார். அவர் கை பட்ட பொருளை நான் தேய்த்தே தீர்த்துவிட்டேன். நீங்கள் போட்டிக்கு வராமல் போய்விடுவீர்களோ, அண்ணனும் தங்கையும் என்னால் ஆளுக்கொரு பக்கம் ஆகிவிடுவீர்களோ என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை. மத்தியானம் தொத்திறைச்சி இரண்டு துண்டோடு நிறுத்திக்கொண்டேன்.

ஆனால் கலங்கி உட்காருகிறவன் நான் அல்ல. வழி கண்டுபிடித்துவிட்டேன். இரட்டைப் பிள்ளைகளில் ஒன்று படுத்துவிட்டது, மற்றது திடமாக இருக்கிறது. என் துப்பாக்கி இன்று முதல் உங்களுடையது. பழுதானதை நான் வைத்துக்கொள்கிறேன். மே இரண்டு சனிக்கிழமை காலை நீங்கள் வரிசைக்கு முன்னால் நின்று, என் அலமாரியில் இருப்பதை எடுத்து, ஊர் தொப்பி கழற்றி நிற்க, அப்பா பெயரில் மூன்று குண்டும் தடங்கலில்லாமல் சுடுவீர்கள். இது என் வாக்கு. திரும்பக் கேட்கமாட்டேன்.

மந்தைக்கும் மனைக்கும் ஒரு குறையும் வராமல் கர்த்தர் காக்கட்டும். டோரத்திக்கு என் அன்பு, அவள் ஈறு வீக்கத்துக்கு உப்புத் தண்ணீர் கொப்பளிக்கச் சொல்லவும்.

உங்கள் உண்மையுள்ள தங்கை கணவன்,
டெல்பர்ட் ஆஸ்ட்ராண்டர், பல் மருத்துவர் (ஓய்வு)

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் மாக்சீன் கடிதத்தை வாங்கிப் படித்தாள். படித்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள். நான் கை வைக்காமல் இருக்கமாட்டேன் என்று தெரிந்து, ஈஸ்டர் விருந்து முடிந்து நீங்கள் வண்டியேறிய மறுநிமிஷமே, மரப்பெட்டியில் இருந்ததை எடுத்துவிட்டு என்னுடையதை வைத்துவிட்டாளாம். கோணல் வாய்க் கூட்டை மட்டும் பெட்டியிலேயே விட்டுவிட்டாள். மறுநாள் அப்பாவின் துப்பாக்கியோடு லைலுக்கு ஒரு ஆப்பிள் பணியாரமும் கொண்டுபோயிருக்கிறாள். எனக்கு மூன்று வாரம் சொன்னவன் அவளுக்குப் பத்து நிமிஷத்தில் பார்த்துக் கொடுத்துவிட்டான். வேறு கூடு போட்டுச் சுட்டானாம், தண்ணீர் மாதிரிப் போனதாம். துப்பாக்கியில் ஒரு குறையும் இல்லை, பழுது அந்தக் கூட்டில்தான். அப்பாவின் துப்பாக்கி இப்போது மாவு டின்னுக்குப் பின்னால் புதுக் கூட்டோடு பத்திரமாக இருக்கிறது. அலமாரியில் இருப்பது வெறும் துப்பாக்கி உறை. நாலு நாள் நான் தேய்த்துத் தீர்த்தது என்னுடையதை. முகத்தைப் பார்க்காமல் பல்லை மட்டும் பார்த்ததன் பலன்.

"ஏண்டி, மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டேன். "நீங்க வேலைய விட்டப்புறம் இவ்வளவு சந்தோஷமா இருந்து நான் பாக்கவே இல்லைங்க. எப்படிங்க நிறுத்தச் சொல்றது?" என்றாள்.

ஆகவே என் துப்பாக்கியை உங்களுக்குத் தருவதாக மேலே எழுதியதை ரத்து செய்கிறேன். உங்களுக்கே அது வேண்டாம். சனிக்கிழமை தவறாமல் வாருங்கள், அப்பாவின் மூன்று குண்டும் உங்களுக்காகக் காத்திருக்கின்றன. உங்கள் தங்கை உங்களிடம் ஒன்றே ஒன்று சொல்லச் சொன்னாள்: "அண்ணே, இனிமே எதையாவது கை வெக்கக் கூடாதுன்னா, அவர்கிட்ட சொல்லாத, என்கிட்ட சொல்லு."