மூன்று சிவப்பு, மூன்று பச்சை

அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். அப்படியும் அடி அண்ணாமலையில் மாடி வீடு கட்டினேன். சொந்தமாக ஜெனரேட்டர் வாங்கினேன். தீபத் திருவிழா வந்தால் திருவண்ணாமலைக் கடைத்தெருவில் பாதி என் சீரியல் பல்பில்தான் மின்னும். (மீதிப் பாதி என் மச்சான் போடுவது. அதைப் பற்றிப் பேசாமலிருப்பதே நல்லது.) இவ்வளவு சாதித்தவனுக்கு மகளின் காலேஜ் கண்காட்சியில் கிடைத்த மரியாதையைக் கேளுங்கள்.

ரெண்டாயிரம் பிறந்த புதுசு. உயிருக்குள் இருக்கும் டி.என்.ஏ.வில் நாலே எழுத்துதானாம். அதிலேயே சேதி எழுதிச் சேமிக்கலாமாம். அதைக் காட்ட என் மகள் கலைவாணி, எழுத்துக்கு ஒரு நிறமாக என் பல்புகளைப் பலகையில் மாட்டியிருந்தாள். சென்னையிலிருந்து வரும் பேராசிரியருக்குப் பிடித்துவிட்டால் மேல்படிப்புக்கு இடம்.

மூன்று சிவப்பு, மூன்று பச்சை, மறுபடி மூன்று சிவப்பு!

“இன்னாம்மா இது? ஒரே கலர ஜாஸ்தியா போட்டிருக்கியே?”

“ஒண்ணு ஃபியூஸ் ஆனாலும் மீதி ரெண்டு சொல்லிடும்பா. சேதி கெடாது.”

“எம்பல்பு ஃபியூஸ் ஆவுமா? யாரப் பாத்து சொல்ற?”

“ஐயோ, உங்கள சொல்லலப்பா! டி.என்.ஏ.வுல எழுதறப்பவும் படிக்கறப்பவும் தப்பு வரும், அதுக்குத்தான். நான் முன்னாடி போறேன். ஆட்டோல எடுத்துட்டு வாங்க, எதையும் தொடாதீங்க.”

தொடாமல் எப்படி? இந்த லட்சணத்தில் பந்தல் போட்டால் கல்யாண வீட்டார் என்னைத் துரத்தி அடிப்பார்கள். சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம் என்று அழகாக மாற்றி மாட்டி, வேட்டியால் மூடி எடுத்துப் போனேன். பேராசிரியர் முன்னால் நானே வேட்டியை உருவி ஸ்விட்சைப் போட்டேன். ஹாலே கைதட்டியது, கலைவாணியைத் தவிர.

பேராசிரியர் கேட்டார்: “இது எவ்வளவு தப்பு தாங்கும்மா?”

“மூணுல ஒண்ணு தப்பானா தாங்கும் சார். எங்கப்பா கை பட்டா தாங்காது.” சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

அவர் சிரித்தார். “அப்பா கையும் தாங்கற மாதிரி செய்ய முடியுமா?”

துப்பட்டாவில் கண்ணைத் துடைத்துக்கொண்டு சாக்பீஸை எடுத்தாள். “மூணையும் பக்கத்துல பக்கத்துல வெக்காம, தள்ளித் தள்ளிக் கலந்து வெக்கலாம் சார். ஒரு எடம் மொத்தமா கெட்டாலும் மீதி வேற எடத்துல இருக்கும்.”

மேல்படிப்புக்கு இடம் கிடைத்தது. கலந்து வைப்பதாம்! அதைத்தானே ஐயா நான் செய்தேன்?

இன்றைக்கும் மிக்ஸி வாங்கப் போனால் என் மனைவி கடைக்காரரிடம் முதலில் கேட்பது: “இவரு கை பட்டா தாங்குமாங்க?”

மகள் இப்போது அதே டி.என்.ஏ. ஆராய்ச்சியில் இருக்கிறாள். கட்டுரை அச்சாகி வந்தது. யார் யார் பெயரோ இருக்கிறது. கலந்து மாட்டிக் காட்டியவன் பெயரைக் காணோம். போடச் சொல்லுங்கள். மூன்று இடத்தில், தள்ளித் தள்ளிப் போடட்டும். ஒன்று விட்டுப்போனாலும் மீதி ரெண்டு சொல்லும்.