வழி கேட்காத தபால்காரர்

"யாருகிட்டயாவது ஒரு வார்த்தை கேளுங்களேன்" என்றாள் இசக்கியம்மாள். எழும்பூர் ஸ்டேஷன் வாசலில் பட்டுச்சேலையின் கொசுவத்தை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆறு ஆட்டோக்காரர்கள் சுற்றி நின்று, "எங்க சார் போணும்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"கேக்கதா? நானா?" ஐயம்பெருமாள் மீசையைத் தடவினார். "ஏளா, இருவத்தேழு வருசமா விலாசத்தை வச்சு வீட்டைக் கண்டுபிடிக்கவன் நான். மெட்ராஸ்ல வழி கேட்டேன்னு ஊர்ல தெரிஞ்சா, நாளைக்கு ஒருத்தன் என்னை மதிப்பானா?"

அவர் ஆழ்வார்குறிச்சியின் தபால்காரர். 'கீழத்தெரு மாமாவுக்கு' என்று மட்டும் எழுதி வந்த கடிதத்தை, அந்தத் தெருவில் இருந்த பதினேழு மாமாக்களில் சரியான மாமாவிடம் சேர்த்தவர். தன் பெயருக்கு வரும் கடிதத்தைக்கூட ஊர்க் கடிதமெல்லாம் கொடுத்து முடித்த பிறகுதான் தொடுவார். அதுவரை அது காத்துக்கிடக்க வேண்டியதுதான். நேற்று ரயிலைப் பிடிக்க வேண்டிய நாள். அன்றும் மூன்று மணி வரை வீடு வீடாகப் போய்க் கொடுத்துவிட்டு, அதே காக்கிப் பையில் அல்வாவையும் வெற்றிலையையும் திணித்துக்கொண்டு ஓடிவந்து பஸ் ஏறினார். "இன்னைக்காவது வேற பை எடுக்கப்பிடாதா?" என்று இசக்கியம்மாள் கெஞ்சியும் பயனில்லை. அந்தப் பை தோளில் இல்லாவிட்டால் அவருக்கு நடையே வராது.

வந்த காரியம் பெரியது. மகள் உலகம்மாளுக்கு எட்டு ஜாதகம் தட்டிப்போய் ஒன்பதாவதுதான் பொருந்தியிருக்கிறது. மாப்பிள்ளையின் அப்பா சங்கரசுப்பிரமணியன் அம்பாசமுத்திரத்துக்காரர். மெட்ராஸில் குடியேறிப் பல வருஷம் ஆகிறது. இன்று புதன்கிழமை. பன்னிரண்டு மணிக்கு ராகுகாலம். அதற்குள் அவர்கள் வீட்டில் தட்டு மாற்றிவிட வேண்டும். தவறினால் நாலு நாளில் ஆடி பிறந்துவிடும். ஆடி முடிவதற்குள் அந்த மாப்பிள்ளைக்கு வேறு யாராவது பெண் கொடுத்துவிடுவார்கள்.

ஐயம்பெருமாள் சட்டைப்பையிலிருந்து பழைய கடிதம் ஒன்றை எடுத்து விலாசத்தைப் படித்தார். "மேற்கு மாம்பலம், மெட்ராஸ் முப்பத்திமூணு. இதுக்கு மேல ஒருத்தன்கிட்ட என்னத்தக் கேக்க?"

எதிரே முப்பத்துமூன்று என்று எண் போட்ட பஸ் வந்து நின்றது.

"பாத்தியா! விலாசத்துலயே பஸ் நம்பரும் இருக்கு. ஏறு!"

கண்டக்டர் "எங்க?" என்று கேட்டார். ஊர்ப்பெயரைச் சொல்லி, அந்த ஆள் வழி சொல்லிவிட்டால் தன் மானம் என்னாவது?

"கடைசி வரைக்கும் ரெண்டு" என்றார் ஐயம்பெருமாள் கம்பீரமாக.

கடைசி நிறுத்தத்தில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்ததும் உப்புக்காற்று அடித்தது. கட்டிடங்களுக்கு நடுவே வானத்தில் பெரிய பெரிய இரும்புக் கைகள் ஆடின.

இசக்கியம்மாள் நின்றுவிட்டாள். "ஏங்க, மாம்பலத்துல கப்பல் வருமா?"

"வராது."

"அங்கன நிக்கது என்ன?"

ஐயம்பெருமாள் பார்த்தார். கப்பல்தான். தபால் இலாகாவின் எண்ணை மதித்து பஸ் ஓட்டத் தெரியாத பட்டணம் என்று மனதுக்குள் முடிவு கட்டினார். மணி ஒன்பதே முக்கால்.

"பைய நட. மலைக்காத" என்றவர், தண்டவாளம் கண்ணில் பட்டதும் அதைப் பிடித்துக்கொண்டு நடந்து, ஸ்டேஷன் ஒன்றைக் கண்டுபிடித்தார். அங்கே பலகையில் ஊர்ப்பெயர்கள் வரிசையாக எழுதியிருந்தன. அதில் மாம்பலமும் இருந்தது. மின்சார ரயிலில் ஏறி, நின்றபடியே வந்து, இறங்கும்போது மணி பத்தே முக்கால்.

"கேட்டோமா? கேக்கல. வந்தோமா? வந்துட்டோம்" என்றார். அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. இசக்கியம்மாளின் தலையில் வைத்த பிச்சிப்பூ ரயில் நெரிசலில் காம்பு மட்டுமாக மிஞ்சியிருந்தது.

தெருப்பலகைகளைப் படித்துப் படித்து அரைமணி நேரத்தில் வீட்டையும் கண்டுபிடித்தார். பதினாலாம் நம்பர். உண்மையிலேயே பெரிய சாதனைதான். அதில் கேலி இல்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கதவைத் தட்டப் போனவர், கையை அப்படியே இறக்கினார்.

கதவில் பூட்டு. அதன்மேல் 'வீடு வாடகைக்கு' என்று அட்டை.

"நம்ம பிள்ளைக்கு அதிர்ஷ்டம் அவ்வளவுதான்" என்று இசக்கியம்மாள் முந்தானையை வாயில் பொத்தினாள். அழுகை வந்துவிட்டது. "பக்கத்து வீட்டுல நான் கேக்கேன். நீங்க கேக்க வேண்டாம்."

"நீ கேட்டாலும் நான் கேட்ட மாதிரிதான். பொறு."

தெருமுனையில் ஒரு காக்கிச்சட்டை சைக்கிளை மிதித்துப் போனது. ஐயம்பெருமாளின் முகம் மலர்ந்தது. "தபால்காரன் பின்னால போனா எந்த வீடும் தானா வரும். வா!"

அந்த மனிதர் ஒவ்வொரு வீட்டிலும் இறங்கிக் கடிதம் கொடுத்தார். இவர்கள் பத்தடி தள்ளி நின்றார்கள். அவர் ஏறினால் இவர்கள் ஓடினார்கள். பட்டுச்சேலையில் ஒரு அம்மாள் தெருத்தெருவாக ஓடுவதை மாம்பலத்து ஜன்னல்கள் எல்லாம் திறந்து பார்த்தன. மூன்றாவது தெருவில் தபால்காரர் சைக்கிளை நிறுத்தித் திரும்பினார்.

"இன்னா சார், ரொம்ப நேரமா பின்னாலயே வர்றே? இன்னா மேட்டரு?"

ஐயம்பெருமாள் தோளில் கிடந்த பையைத் திருப்பிக் காட்டினார்.

"அட, நம்ம டிபார்ட்மெண்டு! எந்த ஊரு சார்?"

"திருநவேலிப் பக்கம், ஆழ்வார்குறிச்சி. சங்கரசுப்பிரமணியன்னு ஒருத்தரு…"

"பதினாலாம் நம்பரா? வூடு மாத்திப் பத்து நாளாவுது சார். இதோ அடுத்த தெரு, மாடி வூடு, பச்சை கேட்டு. அவுரு லெட்டரை நான்தான் அங்க குடுக்கறேன்."

"இப்ப கேட்டீயள்லா?" என்றாள் இசக்கியம்மாள், நடந்துகொண்டே.

"தொழில்காரன் தொழில்காரன்கூடப் பேசுதது, கேக்கதுல சேராது."

பச்சை கேட்டைத் தள்ளும்போது மணி பதினொன்று நாற்பது. சங்கரசுப்பிரமணியன் ஓடிவந்தார். அவருக்குப் பின்னால் அவருடைய அக்கா, மாப்பிள்ளையின் அத்தை, தலைவாசலில் நின்று கும்பிட்டார்.

"எங்க போயிட்டீய? பையன் காலையில ஏழு மணியில இருந்து ஸ்டேஷன்ல டாக்சியோட நின்னுட்டு இப்பதான் திரும்பி வந்தான். வீடு மாறிட்டோம், பையன் வருவான், புத்தகக் கடைப் பக்கம் நில்லுங்கன்னு விவரமா எழுதிப் போட்டிருந்தேனே? உங்க ஊரு தபால் அவ்வளவு மோசமா?" என்றார் சங்கரசுப்பிரமணியன்.

மற்ற எதைச் சொல்லியிருந்தாலும் ஐயம்பெருமாள் பொறுத்திருப்பார்.

"என்ன சொன்னீய? எங்க ஊருல கடுதாசி தொலைஞ்சதா சரித்திரமே கிடையாது. வந்திருந்தா என் கைக்கு வராமப் போகாது. நீங்க எழுதியிருப்பீய. பெட்டியில போட்டிருக்க மாட்டீய."

"என் கையால போட்டேன் வே! போன வெள்ளிக்கிழமை!"

"போட்டிருந்தா வந்திருக்கும்."

"அப்ப நான் பொய் சொல்லுதேங்கீரா?"

"எங்க ஆபீசைக் குத்தம் சொல்லாதீரும்!"

மரியாதை இருபக்கமும் ஒரு படி இறங்கிவிட்டது. மணி பதினொன்று ஐம்பது. இசக்கியம்மாளுக்கு மகளின் முகம் கண்முன் வந்தது. ஒரு கடுதாசிக்காகக் கல்யாணத்தையே விட்டுக்கொடுக்கப் போகிறாரே இந்த மனுஷன் என்று நெஞ்சு பதறியது.

அத்தை மட்டும் சண்டையைக் காதில் வாங்காமல், "தட்டுல வைக்க வெத்தலை பாக்கு எங்கம்மா?" என்று கேட்டார். இசக்கியம்மாள் காக்கிப் பையைக் கைகாட்டினாள்.

அல்வா வந்தது. வெற்றிலை வந்தது. பாக்கைக் காணவில்லை. அத்தை பையின் பக்க அறைக்குள் கையை விட்டுத் துழாவினார். ஒரு நீல நிற இன்லண்டு கடிதம் கையோடு வந்தது. முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, அவர் தம்பியை நோக்கிச் சொன்னார்:

"சண்டையை விடுடே. அண்ணாச்சி சொல்லுதது நெசந்தான், அவுக ஊருல கடுதாசி தொலையவே தொலையாது. இந்தா, நீ போட்டது ஒட்டுகூடப் பிரிக்காம அவுக பையிலயே பத்திரமா இருக்கு!"